பதக்கத்தை ஷூ தீர்மானிக்கலாமா?

2016 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அமெரிக்காவின் ஒலிம்பிக் மராத்தான் தகுதிப் போட்டி நடந்தது. முதல் மூன்று இடங்களைப் பிடிப்பவர்களுக்கே ரியோ ஒலிம்பிக் வாய்ப்பு. மகளிர் பிரிவில் காரா கௌச்சர் நான்காவதாக வந்தார். மூன்றாம் இடத்துக்கும் அவருக்கும் இடைவெளி 65 விநாடிகள். அவரை முந்திச் சென்றவர்களில் சிலர் அன்று அணிந்திருந்தது, கடைகளுக்கு இன்னும் வராத நைக்கி நிறுவனத்தின் சோதனை ஷூ என்பது பின்னர்தான் வெளியே தெரிந்தது. ரியோவில் ஆடவர் மராத்தானின் மூன்று பதக்கங்களையும் வென்றவர்களும் அதே ரக ஷூவையே அணிந்திருந்தார்கள். அது ‘வேப்பர்ஃப்ளை’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது 2017இல்.

அந்த வீரர்கள் யாரும் ஏமாற்றவில்லை. நியாயமற்ற உதவி தரும் ஷூவை அணியக் கூடாது என்று பொதுப்படையாக ஒரு விதி அப்போதும் இருந்தது. எது நியாயமற்றது என்பதற்கு அளவுகோல்தான் இல்லை. தொழில்நுட்பம் களத்தில் இறங்கிய பிறகு விதி எழுத உட்காரும் வழக்கம் விளையாட்டு அமைப்புகளிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பவர்கள் வீரர்கள்.

ஷூவுக்குள் என்ன நடக்கிறது?

ஓடும்போது பாதம் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஷூவின் நுரை அமுங்கி, உடலின் விசையை வாங்கிக்கொள்கிறது. மீண்டும் விரியும்போது அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. நைக்கியின் நிதியுதவியோடு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். வழக்கமான பந்தய ஷூ ஒன்று வாங்கிய ஆற்றலில் சுமார் 66 சதவீதத்தைத் திருப்பித் தந்தது. புதிய ஷூ 87 சதவீதத்தைத் தந்தது. ‘பீபா’ என்னும் எடை குறைந்த புதுவகை நுரையும், அதற்குள் பதித்த வளைந்த கார்பன் தகடும் சேர்ந்து செய்த வேலை இது. ஒரே வேகத்தில் ஓடுவதற்கு உடல் செலவிடும் ஆற்றல் சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. விநாடிகளில் வெற்றி தோல்வி முடிவாகும் போட்டியில் 4 சதவீதம் மிகப் பெரிய அளவு.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. உலகத் தரம் வாய்ந்த கென்ய வீரர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. இவ்வகை ஷூவால் ஒருவருக்கு 10 சதவீதத்துக்கும் மேல் நன்மை கிடைத்தது. இன்னொருவருக்கு ஏறக்குறைய அதே அளவு பாதகம் நேர்ந்தது. எல்லோரும் ஒரே ஷூவை அணிந்துவிட்டால் போட்டி சமமாகிவிடும் என்ற வாதத்தை இது அசைத்துவிடுகிறது. உழைப்பும் திறமையும் ஒரே அளவில் இருக்கும் இருவரில், யாருடைய காலுக்கு ஷூ ஒத்துப்போகிறது என்பது முடிவை மாற்றக்கூடும்.

ஈட்டியும் நீச்சல் உடையும் தந்த பாடம்

தொழில்நுட்பத்துக்கு எல்லை வகுப்பது விளையாட்டுக்குப் புதிதல்ல. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் தூரத்துக்கு ஈட்டி எறிந்தார். இன்னும் கொஞ்சம் போனால் மைதானம் போதாது என்ற நிலை. ஈட்டிகள் தட்டையாக விழுந்ததால் எது சரியான எறி என்பதிலும் தகராறுகள் எழுந்தன. தடகளச் சம்மேளனம் ஆடவர் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை முன்னோக்கி நகர்த்தி, 1986 முதல் புதிய ஈட்டியைக் கட்டாயமாக்கியது. சாதனைப் பட்டியலையும் புதிதாகத் தொடங்கியது. அதே ஹோன் பின்னாளில் நம் நீரஜ் சோப்ராவுக்குச் சில காலம் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய 104.80-ஐயும் நீரஜின் 90.23 மீட்டரையும் யாரும் ஒப்பிடுவதில்லை. கருவி மாறியபோது கணக்கையும் மாற்றிய நேர்மை அது.

நீச்சலில் அந்த நேர்மை இல்லை. 2008இல் ஸ்பீடோ நிறுவனத்தின் ‘எல்இசட்ஆர் ரேசர்’ உடை வந்தது. பாலியூரித்தேன் பட்டைகள் உடலை இறுக்கிப் பிடித்து, நீரின் இழுவையைக் குறைத்தன. மற்ற நிறுவனங்கள் அதையும் மிஞ்சும் உடைகளைச் செய்தன. 2009இல் ரோம் உலகச் சாம்பியன் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் பிறந்தன. 2010 ஜனவரி முதல் அந்த உடைகள் தடைசெய்யப்பட்டன. சாதனைகளோ அப்படியே விடப்பட்டன. ரோமில் ஜெர்மனியின் பால் பீடர்மன் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பதிவுசெய்த 1 நிமிடம் 42 விநாடியை, துணி உடையில் நீந்தும் ஒரு தலைமுறை வீரர்கள் 2025 வரை துரத்தியும் எட்ட முடியவில்லை.

விதியில் உள்ள ஓட்டை

2020 ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு விழித்துக்கொண்டது. சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரே ஒரு தகடுதான் இருக்கலாம் என்று வரையறுத்தது. இது வரவேற்க வேண்டிய தொடக்கம். ஆனால், இந்த விதி தடிமனை அளக்கிறது. ஷூ திருப்பித் தரும் ஆற்றலை அளக்கவில்லை. ஆகவே நிறுவனங்கள் அதே 40 மில்லிமீட்டருக்குள் மேலும் வீரியமான நுரையைத் தேடுகின்றன.

விலையும் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி, மகளிர் உலக சாதனையை இரண்டு நிமிடங்களுக்கும் மேல் முன்னேற்றினார். அவர் அணிந்த அடிடாஸ் ஷூவின் எடை 138 கிராம். விலை 500 டாலர். ஒரு மராத்தானுக்கும் அதற்கு முன்பான பழக்க ஓட்டத்துக்கும் மட்டுமே உரியது என்று சொல்லி அதை விற்றார்கள். அசெஃபாவின் உழைப்பை இது குறைத்துவிடாது. ஒரு பந்தயத்துக்கு அன்றைய மதிப்பில் சுமார் 41,500 ரூபாய் செலவிட முடியாத வீராங்கனையின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

நம் வீரர்களின் நிலை

இந்தியாவில் இந்தக் கேள்வியின் முகமே வேறு. மேற்கு வங்கத்தின் ஸ்வப்னா பர்மனுக்கு இரு பாதங்களிலும் ஆறாறு விரல்கள். கடையில் கிடைக்கும் எந்த ஷூவும் அவருக்குப் பொருந்தவில்லை. வலியோடு ஏழு போட்டிகளில் பங்கேற்று, 2018 ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வென்றார். அவருடைய பாதத்துக்கேற்ற ஷூ செய்து தர ஒரு பெரிய நிறுவனம் முன்வந்தது, தங்கத்துக்குப் பிறகுதான். வசதி வெற்றியைத் தொடர்ந்து வருகிறது. வெற்றிக்குத் தேவைப்படும் காலத்தில் வருவதில்லை. மண் தடகளத்தில் வெறுங்காலோடு ஓடிப் பழகும் நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இதுவே நிலை.

தொழில்நுட்பத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. காணொளிப் பகுப்பாய்வும், இதயத் துடிப்பை அளக்கும் பட்டையும், காயத்தை முன்கூட்டியே காட்டும் கருவிகளும் வீரரின் உடலை அவருக்கே புரியவைக்கின்றன. போட்டியில் வேலையைச் செய்வது அப்போதும் அவர் உடல்தான். இவற்றைத் தாராளமாக வரவேற்க வேண்டும். வீரரின் பங்கைக் கருவி எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் கோடு போட வேண்டும்.

அதற்கு உலகத் தடகள அமைப்பு செய்ய வேண்டியவை மூன்று. தடிமனோடு, ஷூ திருப்பித் தரும் ஆற்றலுக்கும் உச்சவரம்பு வேண்டும். ஒலிம்பிக் தகுதிப் போட்டிகளில் எல்லோருக்கும் கடையில் கிடைக்கும் ஷூவை மட்டுமே அனுமதிக்க வேண்டும். ஒரு கருவியைத் தடைசெய்தால், அதைக் கொண்டு எட்டிய சாதனைகளைத் தனிப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும்.

நம் அரசுகள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீரர்களுக்கு உதவ 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை போன்ற அமைப்புகள், மாநிலப் பதக்கம் வரும்வரை பொறுத்திராமல், மாவட்ட அளவில் தேறும் ஒவ்வொரு ஓட்ட வீரருக்கும் தரமான ஷூவையும் அதைப் பொருத்திப் பார்க்கும் பயிற்சியாளரையும் தர வேண்டும். திறமையைத் தேடிப் போய் வசதி தரும் மாநிலத்தில்தான் பதக்கம் உழைத்தவருக்குப் போய்ச் சேரும்.