போத்தலில் ஊரின் பெயர் இருக்கட்டும், உள்ளே இருப்பதும் எழுதப்படட்டும்



பெருநாள் நெருங்கும்போது எமது ஊர்களில் உடுப்புக்கு அடுத்ததாக அதிகம் பேசப்படுவது அத்தர். முன்பெல்லாம் அத்தர் என்றால் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் மேசை போட்டு விற்பவரிடம் இருக்கும் ஏழெட்டுப் போத்தல்கள்தான். இல்லாவிட்டால் சவூதியிலிருந்து லீவில் வரும் மாமா கொண்டுவரும் ஒன்றிரண்டு. இப்போது எமது பிள்ளைகளே வீட்டிலிருந்து அத்தர் விற்கிறார்கள். வட்ஸ்அப்பில் படம் வருகிறது. தாயிஃப் ரோஜா, கம்போடி ஊத், ஒமான் குந்திரிக்கம், இஜிப்ஷியன் மஸ்க் என்று பட்டியல் நீளுகிறது. 3 மில்லி போத்தல் சில நூறு ரூபா.

இதை நாம் குறை சொல்ல வரவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் ஹலாலாக நாலு காசு உழைக்கும் பிள்ளையைப் பார்த்தால் ஆசிரியர்களாகிய எமக்குச் சந்தோசம்தான். தூர தேசத்து வாசனைகளைப் பூசிப் பார்ப்பதும் நல்ல விடயம். தாயிஃப் எங்கே இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால் தலையைச் சொறியும் பிள்ளை, அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடுகிறான் என்றால் அதுவும் ஒரு கல்விதான்.

ஆனால் ஒரு விடயத்தை நாம் பேசியாக வேண்டும். அந்தப் பெயருக்கும் அந்த எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாயிஃப், மக்காவுக்குக் கிழக்கே மலை மேல் இருக்கும் நகரம். வசந்த காலத்தில் சில வாரங்கள்தான் அங்கே ரோஜா பறிப்பார்கள். வெயில் ஏறினால் மணம் குறையும் என்பதால் அதிகாலையில் பறித்து, அன்றைக்கே செப்புப் பானைகளில் போட்டு வடிப்பார்கள். 2024இல் யுனெஸ்கோவும் அந்த ரோஜாப் பயிர்ச்செய்கையை மானுட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1 கிலோ சுத்தமான ரோஜா எண்ணெய் எடுக்க மூவாயிரம் கிலோவுக்குக் குறையாத மலர் வேண்டும். அப்படியென்றால் 1 கிராமுக்கு 3 கிலோ மலர். 3 மில்லி போத்தலில் ஏறக்குறைய இரண்டரைக் கிராம் எண்ணெய் இருக்கும். அதற்கு ஏழரைக் கிலோ மலர். விடியற்காலையில் கையால் பறித்த ஏழரைக் கிலோ மலரை, வடித்து, கப்பலேற்றி, சில நூறு ரூபாவுக்கு எமது கையில் தர யாரால் முடியும்? ஆறாம் வகுப்புப் பிள்ளையும் விடை சொல்லிவிடும்.

ஊத் கதையும் அப்படித்தான். அகர் மரம் காயப்பட்டு, பூஞ்சணம் தாக்கும்போது அந்த மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினில்தான் அந்த வாசனை இருக்கிறது. எல்லா மரத்திலும் அது உண்டாவதில்லை. உள்ளே இருக்கிறதா என்று தெரியாமலே காடு காடாக வெட்டித் தள்ளினார்கள். அதனால் 1995இல் அகர் மரத்தின் முக்கியமான ஓர் இனத்தையும், 2004இல் மீதமுள்ள இனங்களையும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இது எமக்கும் தூரத்துக் கதையல்ல. எமது ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டை, அகருக்கு நெருங்கிய உறவு மரம். கட்டுநாயக்கவில் வல்லப்பட்டையோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்தியை நாம் எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்!

கஸ்தூரி என்றால், அசல் கஸ்தூரி ஆண் கஸ்தூரி மானின் பையிலிருந்து வருவது. அதற்காக மான்களைக் கொன்று குவித்தார்கள். 1888இல் அல்பேர்ட் பௌர் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர் வெடிமருந்து பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கஸ்தூரி போல் மணக்கும் ஒரு பொருள் எதிர்பாராமல் கிடைத்தது. அதன் பின் வேறு பல செயற்கைக் கஸ்தூரிகள் வந்தன. இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் வைட் மஸ்க், இஜிப்ஷியன் மஸ்க் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். எகிப்தில் கஸ்தூரி மான் கிடையாது.

இதைச் சொன்னதும், “அப்போ எல்லாம் டூப்ளிகேட்டா சேர்?” என்று கேட்பீர்கள். எமது கருத்து அதுவல்ல. ஆய்வுகூடத்தில் செய்த வாசனை கேவலமான பொருளல்ல. அதனால் மான் பிழைக்கிறது, மரம் பிழைக்கிறது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பமும் பெருநாளைக்கு மணக்க முடிகிறது. அதைச் செய்வதற்கும் மூளை வேண்டும், மூக்கு வேண்டும், இரசாயனவியல் படித்திருக்க வேண்டும். தாயிஃப் ரோஜாவை நினைத்து ஒருவர் நல்லதொரு கலவை செய்தால், அது அவருடைய திறமை. அந்தத் திறமையைத் தன் பெயரிலேயே விற்கலாமே! “தாயிஃப் ரோஜாவை நினைவூட்டும் கலவை, செயற்கை வாசனை சேர்ந்தது” என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? சிலர் “இன்ஸ்பயர்ட்” என்று மூலையில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். வாங்கும் உம்மாமாருக்கு அந்தச் சொல் விளங்காது. விளங்கும் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதுங்கள்.

மேலே காய்ந்த தானியத்தையும் அடியில் நனைந்ததையும் வைத்திருந்த வியாபாரியின் சம்பவம் எமக்கெல்லாம் தெரியும். நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கேட்டார்கள். நனைந்ததை விற்கவே கூடாது என்பதல்ல அங்கே பிரச்சினை, மறைத்ததுதான் பிரச்சினை. மக்கா, மதீனா என்று பெயர் போட்டு விற்பவர்கள் இதை இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். அந்தப் பெயரைக் கண்டதும் எமது மூத்தவர்கள் விலையும் கேட்பதில்லை, உள்ளே என்ன என்றும் கேட்பதில்லை. அந்த நம்பிக்கை மக்கா, மதீனா மீது வைத்த நம்பிக்கை. அதைக் காசாக்குவது சரியா?

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1344இல் இப்னு பதூதா புத்தளம் பக்கம் வந்திறங்கியபோது, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். அன்றைய அரபிகளுக்கு ஸரன்தீப், அதாவது நாம்தான், தூர தேசத்து வாசனை. இன்று உலகச் சந்தையில் மலிவான வேறு பட்டையையும் கறுவா என்ற பெயரில் விற்கிறார்கள். அதனால் எமது நாடு பாடுபட்டு, 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் “சிலோன் கறுவா” என்ற பெயருக்குப் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்புப் பெற்றது. இலங்கைக்குக் கிடைத்த முதலாவது அத்தகைய பாதுகாப்பு அது. எமது ஊரின் பெயரை வேறொருவர் போட்டு விற்றால் எமக்கு நியாயம் வேண்டும். அப்படியானால் தாயிஃபில் விடியற்காலையில் மலர் பறிப்பவனுக்கும் அதே நியாயம் உண்டுதானே?

வாங்குபவர்களுக்கும் சில வார்த்தைகள்.

போத்தலின் மூடியை முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் ஒரு துளி தொட்டு, தேய்க்காமல் விடுங்கள். முதலில் பாய்ந்து வரும் வாசம் கால் மணித்தியாலத்தில் போய்விடும். அஸருக்குப் பூசி இஷாவுக்கு முகர்ந்து பாருங்கள். அப்போது மிஞ்சியிருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. ஒரே தடவையில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்குக் குழம்பிவிடும். புதிய எண்ணெய் என்றால் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தொட்டு ஒரு நாள் பாருங்கள். சிவந்தால், கடித்தால் விட்டுவிடுங்கள். “இயற்கையானது, ஒன்றும் செய்யாது” என்று சொன்னாலும் பாருங்கள். இயற்கை எண்ணெயும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சை இனத்து எண்ணெய்கள் சிலவற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துவிடும்.

பெற்றோரிடம் ஆசிரியர்களாக ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு அத்தர் பூசுவதென்றால் ஒரு துளி போதும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வீசிங் உள்ள பிள்ளையும் இருக்கிறது. வெள்ளைச் சேர்ட்டில் பட்ட எண்ணெய்க் கறையும் லேசில் போகாது. ஜும்ஆ ஸஃபில் பக்கத்தில் நிற்பவரையும் இதே போல நினைத்துக்கொள்வோம்.

அத்தர் விற்கும் எமது தம்பிமாரே, தங்கைமாரே, பெருநாளைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு போத்தலிலும் மூன்று விடயம் எழுதுங்கள்: இயற்கையா, செயற்கையா, இரண்டும் கலந்ததா, எந்த எண்ணெயில் கலந்தது, யார் கலந்தது. தெரியாவிட்டால் நீங்கள் மொத்தமாக வாங்கும் இடத்தில் கேளுங்கள். அங்கே பதில் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். முதலில் இரண்டு பேர் வாங்காமல் போகலாம். ஆனால் “அந்தப் பிள்ளை உள்ளதைச் சொல்லி விற்குது” என்ற பெயர் ஊரில் ஒரு தடவை வந்துவிட்டால், அடுத்த பெருநாளைக்கும் ஆள் தேடி வரும்.

வாங்கும் நாமும் “இது எங்கே செய்தது, என்ன போட்டது?” என்று கூச்சப்படாமல் கேட்போம். கேட்கும் ஊரில்தான் எழுதி விற்கும் பழக்கம் வரும்.

இது பற்றி உங்கள் கருத்தையும் எழுதுங்கள். அத்தர் விற்பவர்கள் இருந்தால், உங்கள் பக்க நியாயத்தையும் அவசியம் சொல்லுங்கள்.