நடைபாதை என்னும் சொல்

நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடிப் பக்கம் நடந்து போகிறவரை ‘பிளாட்பாரத்துல ஏறி நடங்க’ என்று எச்சரிப்பதே நம் வழக்கம். ரயில் மேடைக்கும் வீதியோரத்திற்கும் ஒன்றுபோலவே சென்னையில் வழங்கிவரும் இச்சொல், தட்டையான உருவம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக நம்மை வந்தடைந்தது. ‘பேவ்மெண்ட்’ என்பதோ, இடித்துக் கெட்டிப்படுத்திய தரைக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரின் வழிவந்தது. ஒன்று வடிவத்தையும் மற்றொன்று தரையிட்டவனின் உழைப்பையும் உரைக்க, நம் ‘நடைபாதை’ நடப்பவரையே நினைக்கிறது. நடை தமிழ், பாதை பாதம் என்னும் வடசொல்லுக்கு உறவு, ஆகவே அந்த ஒரு சொல்லுக்குள் மனிதனுடைய கால் இரண்டு முறை பதிந்திருக்கிறது. வேலப்பன்சாவடி என்னும் பெயரில் உள்ள சாவடியும், வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிக்கும் சொல்லே அல்லவா!

அத்தகைய சொல்லை உடைய நாம், வடிகாலை மூடிய சிமெண்டுப் பலகை ஒருபுறம் தூக்கி நிற்க, அதன்மேல் மோட்டார் சைக்கிள் சாய்ந்திருக்க, பால் பை ஏந்திய மூதாட்டி பேருந்தின் எதிரே சாலையில் இறங்குவதைக் கண்டும் வாளா இருப்பது அநியாயம். தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் என்னும் சாலைப் பொறியாளர் அமைப்பு 2012-லேயே வகுத்திருக்கிறது. வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, அந்த அகலத்தை நடப்பவர்க்கு விட்டுவிடுங்கள்.