இராவணனுக்கு மட்டும்தானா அந்தக் குரல்?

மைசூர் மைன்ஸ் தொடங்கி சாம்பியன் ரீஃப், உரிகம் வரை கோலார் தங்கவயலில் திருவிழா என்றால் இன்னிசைக் கச்சேரி உண்டு, பாட்டுப் போட்டியும் உண்டு. பாட வருகிற பையனுக்குக் குரல் கனமாக, கீழ்க்கட்டையில் அமைந்துவிட்டால் அவன் பாடு திண்டாட்டம். டி.எம்.எஸ்., எஸ்.பி.பி. பாட்டுகளின் கரோக்கி, படத்தில் பதிவான சுருதியிலேயே ஓடும். சரணத்தில் உச்சிக்கு ஏற முடியாமல் திணறினால் குரலே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். கனத்த குரலை ஜனங்கள் ரசிக்க மாட்டார்கள் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. ஜனங்கள் அதை ஒருபோதும் ஒதுக்கவில்லை, யாருக்கு எந்தப் பாட்டு என்று பிரித்துக் கொடுத்தவர்கள்தான் ஒதுக்கினார்கள் என்பது என் வாதம். அதற்குச் சாட்சி சி.எஸ்.ஜெயராமன்.

சிதம்பரத்துக்காரரான ஜெயராமன் (1917–1995) 'இசைச்சித்தர்' என்று பெயர் பெற்றவர். 1952இல் 'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடியவர். இரண்டு ஆண்டு கழித்து 'தூக்குத் தூக்கி'க்கும் சிவாஜி அவரைத்தான் விரும்பினார், இசையமைப்பாளர் ஜி.ராமநாதன் டி.எம்.எஸ்.ஸைப் பாட வைத்துச் சம்மதிக்கச் செய்தார் என்று திரையுலகில் சொல்வார்கள். அதன்பின் நாயகனின் குரல் எது என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஜெயராமனுக்கு வந்து சேர்ந்தவை வேறு வகைப் பாத்திரங்கள். 1954இல் 'ரத்தக்கண்ணீர்' படத்தில் வாழ்ந்து கெட்டவனின் குற்றவுணர்வுக்கு அவர் குரல். 1958இல் 'சம்பூர்ண ராமாயண'த்தில் படைக்கலம் இழந்து, இராமன் போட்ட உயிர்ப்பிச்சையோடு அரண்மனை திரும்பும் இராவணனுக்கு, அதாவது டி.கே.பகவதிக்கு, அவர் குரல். அந்த அவமானத்தை அவ்வளவு கம்பீரமாக வேறு எவரும் பாடியிருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாவம், அவ்வளவு நன்றாகப் பாடியதே அவருக்கு வினையாயிற்று. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில், 1957இல், 'புதையல்' வந்தது. அதில் சிவாஜிக்காக சுசீலாவோடு அவர் பாடிய காதல் டூயட் இன்றுவரை வானொலியில் ஒலிக்கிறது. 1960இல் 'பாவை விளக்கு' படத்தில் தாஜ்மகாலின் பின்னணியில் வரும் காதல் பாட்டும் அவருடையதே. கனத்த குரலில் காதலா என்று கேட்டு யாரும் தியேட்டரை விட்டு எழுந்து போகவில்லை.

இத்தாலிய ஓப்பராவில் இந்தக் குரலைப் பாரிடோன் என்பார்கள். டெனருக்குக் கீழே, பேஸுக்கு மேலே. அங்கேயும் காதலன் பெரும்பாலும் டெனர்தான். ஆனால் வெர்டி என்ற ஒரே இசையமைப்பாளர் கணக்கை மாற்றினார். 1842இல் 'நபுக்கோ', 1847இல் 'மேக்பெத்', 1851இல் 'ரிகொலெட்டோ', 1893இல் 'ஃபால்ஸ்டாஃப்': எல்லாவற்றிலும் தலைப்பில் இருப்பவன் பாரிடோன். ரிகொலெட்டோ அரண்மனைக் கோமாளி, கூனன், மகளைப் பறிகொடுக்கிற தகப்பன். அதில் டெனர் பாடும் பிரபுவோ பெண்களை ஏமாற்றித் திரியும் மைனர். கூட்டம் யாருக்காகக் கண்ணீர் விடும் என்று சொல்லத் தேவையில்லை. இப்படிப் பாத்திரங்கள் காத்திருந்ததால்தான் டீட்டோ கோப்பி போன்ற ஒரு பாரிடோனின் வாழ்க்கை சாத்தியமாயிற்று. 1913இல் பிறந்து, பாதுவாவில் சட்டம் படித்து, பாட்டுக்கு வந்தவர் அவர். 1964இல் லண்டனில் மரியா காலாஸுக்கு எதிரே 'டோஸ்கா'வின் கொடிய போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவாக அவர் நின்ற காட்சியின் படப்பதிவை இன்றும் பார்க்கிறார்கள். மறுவருடம் 'சிமோன் பொக்கனேக்ரா'வை அவரே இயக்கினார். அவருக்கும் வில்லன் வேடங்கள் நிறைய வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றோடு தகப்பன், அரசன், கிழட்டுக் குறும்பன் என்று பல வேடங்கள் இருந்தன. ஜெயராமனுக்கு அந்த வரிசையை எழுதித் தர ஆள் இல்லை.

கீழ்க்குரல் கூட்டத்தை எட்டாது, அதனால்தான் நம் மேடை உச்சக்குரலைத் தேடியது என்று பதில் சொல்வார்கள். நாடகமேடைப் பாடகர் கிட்டப்பா காலத்தில் மைக் இல்லை என்பது சரி. ஆனால் ஓப்பராவிலும் மைக் கிடையாது. வாத்தியக்குழு முழுவதையும் மீறிப் பாரிடோன் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. சுருதி தாழ்ந்திருந்தாலும், பயிற்சியால் 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் திரளும் மேலொலிகள் அந்தக் குரலைத் தூக்கிக் கொடுக்கின்றன. மைக் வந்த பிறகு நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. பழக்கம் மட்டும் மிச்சம். இன்னொரு ஆட்சேபம், கனத்த குரல் நம் சங்கீதத்துக்கு ஒத்துவராது என்பது. தாழ்ந்த சுருதியிலும் நிதான காலத்திலுமே பாடிய எம்.டி.ராமநாதனை முதலில் கேலி செய்தவர்கள் உண்டு. பிற்பாடு அவரைக் கொண்டாட ஒரு பெருங்கூட்டமே சேர்ந்தது.

இதெல்லாம் சினிமாக்காரர்கள் கவலை, தங்கவயலுக்கு என்ன என்று கேட்கலாம். கார்ன்வால்காரர்களும் இத்தாலியர்களும் சுரங்கவேலைக்கு வந்த ஊர் இது. சர்ச் கொயர் என்றால் என்ன என்று இங்கே சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு குரலில் பாடும் கொயரில் பேஸ் பாட ஆள் குறைந்தால் பாட்டே படுத்துவிடும். அங்கே அருமையாகத் தெரியும் அதே குரல் இன்னிசை மேடைக்கு வந்தால் குறையாகிவிடுகிறது. பாடுகிற இடம் தகுதியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான ஆதாரம் வேண்டாம். ஆகவே போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: சுருதியைப் பாடுகிறவனே தேர்ந்தெடுக்கட்டும், ஒரு சுற்றாவது ஜெயராமன் பாட்டுகளுக்கு இருக்கட்டும். வாத்தியக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள் என்பது சாக்கு. கீபோர்டிலும் கரோக்கியிலும் சுருதியை இறக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.