மீனைக் குறைங்க, தண்ணியைக் குறைக்காதீங்க

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சிலிங் முடிஞ்சு, பெட்டி கட்டற சீசன் வந்தா ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் மீன் தொட்டி வச்சிருக்கிற வீடுகள்ல ஒரு கேள்வி கண்டிப்பா வரும். "நீ பாட்டுக்குக் கெளம்பிப் போயிட்டா இதை யாருடா பாத்துக்கறது?" நம்ம ஆளும் ரொம்ப யோசிக்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு மூணு பதில்ல ஒண்ணை எடுத்து விடுவான். அம்மா பாத்துக்குவாங்க. இல்லன்னா சின்னத் தொட்டிக்கு மாத்திடறேன். அதுவும் இல்லன்னா ஏரியில விட்டுடலாம். (பொண்ணுங்களும் இதையேதான் சொல்லுதுங்க, சண்டைக்கு வராதீங்க.)

இந்த மூணுமே தப்பான பதில்ங்கறதுதான் நம்ம கட்சி.

முதல்ல அம்மா மேட்டர். எங்க ஊர்ல நிறைய வீட்டுல அம்மாவே ஷூ கம்பெனிக்குப் போறவங்க. விடிஞ்சும் விடியாம சோறு கட்டி, கம்பெனி வேனைப் பிடிச்சு, நாள் முழுக்க தையல் மெஷின்ல உக்காந்து, பொழுது சாஞ்சு வீட்டுக்கு வந்து, அப்புறம் மறுபடி அடுப்பு. நாலடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உயரம் உள்ள தொட்டியில முழுசா ரொப்பினா சுமார் 255 லிட்டர் பிடிக்கும். வாரா வாரம் கால் பங்கு மாத்தணும்னா அறுபது லிட்டருக்கு மேல. அதை வாளி வாளியா எடுத்து ஊத்து, திரும்ப வாளி வாளியா கொண்டு வந்து ரொப்புன்னு அந்தம்மா தலையில கட்டிட்டு இவர் ஹாஸ்டல்ல போய் போர்வையைப் போத்திக்குவார். கேட்டா "அம்மாதான் சரின்னு சொன்னாங்க"ம்பாரு. நம்ம வீட்டு அம்மாக்கள் எதுக்குத்தான் மாட்டேன்னு சொல்லியிருக்காங்க? அதை எல்லாம் சம்மதம்னு கணக்குல எழுதக் கூடாதுங்க.

இன்னொண்ணு, அம்மாக்களுக்குப் பாசம்னா சோறுதான். மீன் கண்ணாடிகிட்ட வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது எப்பவுமே அப்படித்தான் செய்யும், இப்பதான் தின்னு முடிச்சிருந்தாலும் செய்யும். "ஐயோ பாவம், வயிறு ஒட்டிக் கெடக்கு"ன்னு இன்னொரு சிட்டிகை விழும். தின்னது போக மிச்சம் அடியில தங்கி அழுகும். வீட்டு மீன் பட்டினியில சாகறதை விட ஜாஸ்தித் தீனியால கெட்டுப்போன தண்ணியில சாகறதுதான் அதிகம்.

சரி, ரெண்டாவது பதிலுக்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் நிறுத்தி நிதானமா பேசணும், ஏன்னா கேக்கறதுக்கு ரொம்ப நியாயமா இருக்கும். பெரிய தொட்டியை வித்துட்டு ரெண்டடிக்கு ஒரு சின்னதா வாங்கி வச்சா வேலை குறையும்தானே? குறையாது சாமி. ஏறும்.

மீனோட கழிவுல இருந்து அம்மோனியா வருது. அது மீனுக்கு விஷம். ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியிருக்கிற ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் கொஞ்சம் சேர்ந்தா பெருசா பாதகமில்ல, தண்ணி மாத்தறப்ப போயிடும். இந்த பாக்டீரியா கூட்டம் புதுத் தொட்டியில செட் ஆக நாலஞ்சு வாரமாவது ஆகும். நம்ம ஆள் என்ன பண்ணுவார்? ஊருக்குக் கெளம்ப நாலு நாள் இருக்கும்போது புதுசா சின்னத் தொட்டி வாங்கி, பழைய ஃபில்டரைப் பைப்புத் தண்ணியில பளபளன்னு கழுவி (அந்தக் குளோரின்லயே பாதி பாக்டீரியா காலி), இருக்கிற அத்தனை மீனையும் அதுல கொட்டிட்டு பஸ் ஏறுவார். அதே மீன், அதே கழிவு, தண்ணி மட்டும் அஞ்சுல ஒரு பங்கு. நேத்து வரைக்கும் ஒரு பெரிய தொட்டி தாங்கின தப்பை இந்தச் சின்னத் தொட்டி ஒரு ராத்திரி கூடத் தாங்காது.

அப்புறம் நம்மூரு வெயில். கத்திரியில வேலூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தண்ணி சூடாக சூடாக அதுல கரையற ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்பதான் அதிகம் தேவைப்படும். சின்னத் தொட்டி மத்தியானத்துக்குள்ள வெந்நீர். பெரிய தொட்டி சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். கரண்ட் போனாலும் இதே கணக்குதான். நாலடித் தொட்டியில பத்து மீன் இருந்தா ரெண்டு மணி நேரம் ஏர் மோட்டார் ஓடலேன்னாலும் பொழைச்சுக்கும்.

அதனால நான் சொல்றது இதுதான். தொட்டி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். குறைய வேண்டியது மீன். நாலடித் தொட்டிக்குப் பத்துப் பன்னெண்டு சின்ன மீன், நல்லா வேலம்பாசி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். இந்த அளவுக்கு வந்துட்டா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மூணு வாளி மாத்தினாப் போதும். அந்த வாளியையும் வீட்டுல இருக்கிற தம்பியோ அப்பாவோ தூக்கலாம், தோள் ஒண்ணும் கழண்டுடாது.

எந்த மீனை வச்சுக்கறது? இங்கதான் எங்க ஊர்த் தண்ணியைப் பத்திச் சொல்லணும். பதப்படுத்தறதுக்கு முன்னால பச்சைத் தோல் கெடாம இருக்க உப்பு போட்டு வைப்பாங்க. தோல் ஷாப்புல கழுவறப்ப அந்த உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணியோட போய் வருஷக்கணக்கா பாலாத்துப் படுகையில இறங்கியிருக்கு. நிறைய இடத்துல போர் தண்ணியை வாயில வைக்க முடியாது. வீட்டுல குடிக்கறதுக்குக் கேன் தண்ணி, மீனுக்கு போர் தண்ணி, இதான் நடைமுறை. (கேன் தண்ணியை மட்டும் ஊத்தி வளர்க்கலாம்னு நினைக்காதீங்க, உப்புச்சத்தே இல்லாத தண்ணியும் மீனுக்கு ஆகாது.) இந்தத் தண்ணியில டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்தண்ணி மீனெல்லாம் ஆள் பக்கத்துல இருந்து பாத்தாத்தான் நிக்கும். மாலி, கப்பி, பிளாட்டி மூணும் கடினத் தண்ணியைச் சமாளிக்கும், மாலி உப்பையும் தாங்கும். வீட்டோட விட்டுட்டுப் போறதுக்கு இதுங்கதான் லாயக்கு. ஆனா ஆண் மீன் மட்டும். ஒரே ஒரு பொட்டை இருந்தாலும், ஆணே இல்லாம மாசக்கணக்குல குட்டி போட்டுக்கிட்டே இருக்கும், முன்னாடி சேர்ந்ததோட விந்தைச் சேமிச்சு வச்சுக்கற ஜாதி அது. தீபாவளி லீவுக்கு வந்து பாத்தா பன்னெண்டு நூறாகியிருக்கும்.

எங்க அக்கா பையன் கோயமுத்தூருக்குப் படிக்கப் போனப்ப இப்படித்தான் செஞ்சோம். ஆரம்பிச்சது மார்ச் மாசத்துலயே, பரீட்சைக்கு நடுவுல. அஞ்சு கோல்டுஃபிஷ் முதல்ல போச்சு. அதுங்க தின்னு தின்னு கழிக்கிற ஜாதி, தொட்டி அழுக்குல முக்கால்வாசி அதுங்க புண்ணியம். பள்ளிக்கூடத்துல கூடப் படிச்ச, உள்ளூர்லயே காலேஜ் சேரப்போற ஒருத்தன் வாங்கிக்கிட்டான். பொட்டை மாலியையும் கப்பியையும் மீன் கடை பாய் எடுத்துக்கிட்டார், காசுக்குப் பதிலா ரெண்டு டப்பா தீனி குடுத்தார். வித்துக் காசு பாக்கலாம்னு நினைக்கறவங்க அந்த நினைப்பை விட்டுடுங்க. ஆயிரம் ரூபா குடுத்து வாங்கின மீனா இருந்தாலும் விக்கப் போறப்ப அது "பழசு"தான். நல்ல கைக்குப் போகுதாங்கறது மட்டும்தான் கேள்வி. உள்ளூர்ல ஆள் கிடைக்கலேன்னா சென்னை கொளத்தூர் இருக்கு, தெருத்தெருவா மீன் கடை. முதல் நாள் தீனி போடாம, கவர்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் ஆக்சிஜன் அடைச்சு, தெர்மாகோல் பெட்டியில வச்சு, காலையில ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல ஏறினா மத்தியானத்துக்குள்ள கொண்டு போய்ச் சேத்துடலாம்.

கடைசியா மிஞ்சினது ஒரு சக்கர். டேங்க் கிளீனர்னு சொல்லி ரெண்டு இஞ்சுல விப்பாங்களே, அதேதான். தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு பேரு, அது போடற கழிவை யார் சுத்தம் பண்றதுன்னு எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். மூணு வருஷத்துல ஒண்ணே கால் அடிக்கு வளந்து நின்னுச்சு. ஒருத்தரும் வேணாம்னுட்டாங்க. "மாமா, பேசாம ஏரியில விட்டுடலாமா"ன்னான் பையன்.

மூணாவது பதில் வந்துடுச்சா? இதை நிறைய பேர் புண்ணியம்னே நினைச்சுக்கறாங்க. அடைபட்டுக் கெடந்த ஜீவனுக்கு விடுதலை குடுக்கறாங்களாம். சக்கருக்கு ஊரு தென் அமெரிக்கா. உடம்பு பூரா எலும்புக் கவசம், முள்ளுத் துடுப்பு, நம்மூரு விராலுக்கு அதை முழுங்க வராது. காத்தைக் குடிச்சே சமாளிக்கும், கரையில வளை தோண்டி முட்டை போடும், வலையில மாட்டினா வலை கிழியும். கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்துல இருக்கு, ஆந்திராவுல மீனவங்க பேய் மீன்னு திட்டற அளவுக்கு இருக்கு, 2020-ல வாரணாசி பக்கம் கங்கையிலயே கிடைச்சுது. இது ஒண்ணு மட்டும்னு இல்ல. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளா ஆறுகள்ல அரபைமா வலையில விழுந்துச்சு. 2023-ல காஷ்மீர் தால் ஏரியில அலிகேட்டர் கார்ன்னு முதலை மூஞ்சி மீன் ஒண்ணு கிடைச்சுது. அமேசான்ல இருந்தும் அமெரிக்காவுல இருந்தும் இதுங்க நீந்தியா வந்துச்சு?

"நம்ம ஏரியில ஏற்கெனவே ஜிலேபி இருக்கே"ம்பாங்க. ஜிலேபிக் கெண்டையும் 1952-ல வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து விட்டதுதாங்க. இன்னிக்கு எந்த ஏரியில தூண்டில் போட்டாலும் முதல்ல அதுதான் மாட்டுது, அது இல்லாத காலம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல ஆளே இல்ல. கொசுப்புழு திங்கறதுக்காக அரசாங்கமே கப்பி விடுதேன்னு கேக்கறவங்களும் உண்டு. கிணத்துல, தொட்டியில விடறது வேற, கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போற தண்ணியில விடறது வேற.

அடுத்தது, "பாலாறே வறண்டு கெடக்கு, தோல் கழிவுல செத்துப் போன ஆத்துல ரெண்டு மீன் விட்டா என்ன கெட்டுடும்?" இதைக் கேட்டா எனக்குச் சுர்ருன்னு ஏறும். 2021 நவம்பர்ல அதே பாலாறு கரை புரண்டு ஓடினதை மறந்துட்டோமா? ஏரி ரொம்பி, கலங்கல் போயி, ஏரிக்கு ஏரி ஆத்துக்கு ஆறு தண்ணி போச்சு. அப்படி ஒரு மழை வர்ற வரைக்கும் காத்திருக்கறதுக்கு சக்கருக்குப் பொறுமை உண்டு.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு சங்கதியும் இருக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. திரும்பச் சரிபண்ண முடியாத கேடு வரலாம்ங்கற இடத்துல, 'அறிவியல்படி இன்னும் முழுசா நிரூபணம் ஆகலையே'ன்னு தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப் போடக் கூடாதுங்கற முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்திய சட்டத்துல உக்கார வச்சது அந்தத் தீர்ப்புதான். கெடுத்தவனே காசு குடுக்கணும்ங்கறதும் அதுலயே இருக்கு. நாடு பூரா சட்டக் கல்லூரிப் பசங்க 'வேலூர் கேஸ்'னு படிக்கறாங்க. இதே மாசு விவகாரத்துல 2025 ஜனவரியிலயும் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்துச்சு, அவ்ளோ லேசுல எதுவும் சரியாகறதில்ல. முதலாளிங்ககிட்ட நாம எந்த நியாயத்தைக் கேட்டோமோ, கவர்ல ஒரு மீனை வச்சுக்கிட்டு ஏரிக்கரையில நிக்கறப்பவும் அதே நியாயம்தான்.

யாருமே எடுத்துக்கலேன்னா? இதைச் சொன்னா சில பேருக்குக் கசக்கும். கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் தண்ணியில நல்லா கலக்கி, மீன் இருக்கிற வாளியில கொஞ்சம் கொஞ்சமா சேத்தா அது மயங்கும், அளவு கூட்டினா அப்படியே அடங்கிடும். வலியில்லாம போகும். மனசு கஷ்டப்படும்தான். படட்டும். ஏரியில விட்டுட்டு நிம்மதியா தூங்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

எங்க சக்கருக்கு அது தேவைப்படல. நாலு தடவை நடந்ததுல பாய் மனசு இரங்கிட்டார். கடைக்குப் பின்னால ஒரு சிமெண்ட் தொட்டியில இப்ப அது கெடக்கு. அக்கா வீட்டுல பதினோரு ஆண் மீன் ஓடுது, ஒரு நாள் தீனி ஒரு பொட்டலம்னு மருந்துச் சீட்டு மாதிரி மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான் பையன், வாரத்துக்கு ஆறு பொட்டலம், ஞாயித்துக்கிழமை விரதம். சக்கரை பாய் விக்கறதில்ல. யாராவது பொடிப்பய வந்து டேங்க் கிளீனர் குட்டி ஒண்ணு குடுங்கன்னு கேட்டா, "வா தம்பி"ன்னு பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போய் அந்தத் தொட்டியைக் காட்டறார்.