கைராசியும் மருந்துச் சீட்டும்

திருமுடிவாக்கம், தாம்பரம் பக்கங்களில் ஒருவருக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, டாக்டர்கள் "ஹார்ட் ஃபெயிலியர்" என்று சொல்லிவிட்டால், வீட்டார் முதலில் விசாரிப்பது "எந்த டாக்டர் கைராசிக்காரர்?" என்பதேயாகும். ஆஸ்பத்திரியில் நீரை இறக்கி, மூச்சைச் சரிப்படுத்தி, ஐந்தாறு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். அதே மனிதர் ஆறு மாதத்தில் இறந்துபோனால் "விதி முடிந்தது" என்று சொல்லிக் காரியத்தையும் முடித்துவிடுகிறோம். அவர் கையில் கொடுத்தனுப்பிய சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எவராவது பார்த்ததுண்டா?

பக்கத்து மலையாள நாட்டில் பார்த்திருக்கிறார்கள். 2013-ம் வருஷம் திருவனந்தபுரம் ஜில்லாவில் 18 ஆஸ்பத்திரிகளில் இவ்வியாதிக்காகச் சேர்ந்த 1205 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஒரு வருஷத்திற்குள் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 31 பேர். இருதயத்தின் சுருங்கும் சக்தி குறைந்தவர்களில், வைத்திய சங்கங்கள் வகுத்த முறைப்படி மருந்து பெற்று வீடு திரும்பியவர்களோ நூற்றுக்கு 25 பேர்தான்! மருந்து சரிவரக் கிடைக்காதவர்களும் படிப்புக் குறைந்தவர்களும் முதல் 90 நாட்களில் அதிகமாக இறந்தார்கள். தோழர்களே, படித்தவன் யார், படியாதவன் யார் என்று விதிக்கு எப்படித் தெரிந்தது?

பின்னர் 2019, 2020-ல் இந்தியா முழுதும் 53 ஆஸ்பத்திரிகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்தபோதும், முறைப்படி மருந்து பெற்றவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவே.

நிற்க. இம்முறை என்ன, மனுதர்மம் போல் மாறாததா என்று சிலர் கேட்கலாம். இல்லை. பீட்டா பிளாக்கர் என்னும் மாத்திரையை இவ்வியாதிக்கு ஆகாதென்று ஒரு காலத்தில் டாக்டர்களே விலக்கி வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த முடிவுகள் 1999-ல் வெளிவந்து, அது மரணத்தைக் குறைக்கிறதென்று தெரிந்ததும், விலக்கியதையே விதியாக்கினார்கள். எந்தச் சாஸ்திரி இப்படித் தன் ஏட்டைத் திருத்தியிருக்கிறார்?

இன்று சுருங்கும் சக்தி குறைந்தவர்களுக்குச் சொல்லப்படுபவை நான்கு வகை: பீட்டா பிளாக்கர், எனலாபிரில் வகை அல்லது அதன் புதிய மாற்று, ஸ்பைரோனோலாக்டோன் வகை, சர்க்கரை வியாதிக்கென்று வந்த டபாக்ளிஃப்ளோசின் வகை. நீர் மாத்திரை வீக்கத்தையும் மூச்சையும்தான் ஆற்றும். அந்தச் சுகத்தைக் கண்டே "நோய் போயிற்று" என்று நம்மவர்கள் மற்றவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தாலோ, சிறுநீரகம் கெட்டிருந்தாலோ சில மருந்துகள் கூடாமற் போகலாம். அக்காரணத்தைச் சீட்டில் எழுதட்டும் என்பதே நமது கோரிக்கை.

விலை தடை என்பாரும் உண்டு. டபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை 2020-ல் இங்கு முடிந்து பல கம்பெனிகள் செய்கின்றன. வீடு தேடி மாத்திரை கொடுக்கலாம் என்பதை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் காட்டியிருக்கிறது. ஆதலால் சர்க்கார், ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இந்நோயாளிகளில் நூற்றுக்கு எத்தனை பேர் முறைப்படி மருந்துபெற்று வெளியேறினர் என்று வருஷந்தோறும் கணக்கெடுத்து வாசலில் எழுதி வைக்கட்டும். அதுவரை, வீடு திரும்பும் நாளில் சீட்டை டாக்டரிடம் நீட்டி, "இந்த நான்கில் எது இல்லை, ஏன் இல்லை?" என்று நீங்களே கேளுங்கள்.