செம்பைப் பற்றும் வளையங்களுக்கு நிதி வேண்டும்

வில்சன் நோயாளிகளின் கல்லீரலிலும் மூளையிலும் செம்பு தேங்குகிறது. 1956இல் ஜான் வால்ஷ் அறிமுகப்படுத்திய பெனிசிலமின் மருந்து பலரைக் காத்தது. ஆனால் சிலருக்கு நரம்புக் கோளாறை அதுவே மோசமாக்குகிறது. ஆகவே, செம்பைப் பற்றும் மாற்று மருந்தாக, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் கொண்ட வளையப் பெப்டைடுகள் பற்றிய ஆய்வுக்கு அரசு நிதி அவசியம். ஹிஸ்டிடினின் பக்கக் கிளையிலுள்ள நைட்ரஜன் செம்பு அயனியை இறுகப் பற்றும். நம் ரத்தத்தின் அல்புமின் புரதமும் மூன்றாம் இடத்து ஹிஸ்டிடினின் துணையோடு செம்பைச் சுமக்கிறது. பெப்டைடின் அமினோ அமிலச் சங்கிலியை வளையமாக்கினால், அந்த நைட்ரஜன்களை அயனிக்கு ஏற்ற இடங்களில் முன்கூட்டியே நிறுத்தலாம்.

பெப்டைடு குடலில் சிதைந்துவிடுமே என்பார்கள். பொதுவாக அது உண்மை. ஆனால் 11 அமினோ அமிலங்களாலான வளையமான சைக்ளோஸ்போரின், வாய்வழி மருந்தாகவே உறுப்பு மாற்றம் பெற்றவர்களைக் காக்கிறது. இருக்கும் மருந்துகளே போதும் என்ற வாதம், அவற்றால் பயன்பெறாத நோயாளிகளுக்குப் பதிலாகாது.