பேர் போடும்போதே ஏறுற பல்ஸ்

"இன்னும் பேர்தான் ஓடுது, மெதுவா போலாம்" என்று பாப்கார்ன் வரிசையில் நிற்பவர்களுக்கும், ஓடிடியில் பத்துப் பத்து செகண்டா தள்ளிவிட்டு நேரா கதைக்குப் போறவங்களுக்கும்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சைக்கலாஜிக்கல் ஹாரர் படத்துல அந்த ரெண்டு மூணு நிமிஷத்தை விட்டுட்டா, பாதி மருந்தைக் கீழே கொட்டிட்டு மீதியைக் குடிக்கிற மாதிரிதான். சினிமா பத்தி டாக்டருக்கு என்ன பேச்சுன்னு கேட்காதீங்க. அங்கே வேலை நடக்கிறது உங்க உடம்புலதான்.

பயம் வேற, பதற்றம் வேற. தெருவுல நாய் துரத்தினா வர்றது பயம். ஓடலாம், கல்லை எடுக்கலாம், நாய் போனதும் அடங்கிடும். பதற்றத்துல நாயே கிடையாது. ஏதோ வரப்போகுது, என்னன்னு தெரியாது. ஆனா சிம்பதெடிக் நரம்பு மண்டலம் தன் வேலையைத் தொடங்கிடும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிறு பிசையும். உடம்பு ஓடத் தயார், எதைப் பார்த்து ஓடணும்னுதான் தெரியாது.

க்ளினிக்ல தினமும் பார்க்கிறதுதான். ஊசி குத்தறதுக்கு முன்னாடியே, ஸ்பிரிட் வாசனைக்கே அலற ஆரம்பிக்கிற குழந்தைகள். வீட்டில் நார்மலாக இருந்து, எங்க முன்னாடி மட்டும் எகிறும் பிபி. இதுக்கு 'வெள்ளைக் கோட்டு ரத்தக்கொதிப்பு'ன்னு பேரே இருக்கு.

நல்ல டைட்டில் அந்த ஸ்பிரிட் வாசனை மாதிரி.

1960ல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை எடுத்துக்கோங்க. டைட்டிலை வடிவமைத்தவர் சால் பாஸ். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு முகம்கூட இல்லை. கோடுகள் குறுக்கேயும் நெடுக்கேயும் பாயும். பேர்கள் துண்டு துண்டாகி, சேர்ந்து, மறுபடி துண்டாகும். பெர்னார்ட் ஹெர்மன் இசையில் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். நிற்காமல் விரட்டிக்கிட்டே இருக்கும். அது முடிஞ்சதும் என்ன வருது? பட்டப்பகல், ஒரு ஊர், ஹோட்டல் அறையில் ஒரு காதல் ஜோடி. பயப்பட ஒண்ணுமே இல்லை. ஆனா அந்த ரெண்டு பேர் சாதாரணமா பேசுறதை நீங்க சாதாரணமா கேட்க முடியாது, ஏன்னா உங்க உடம்பு ஏற்கெனவே எதையோ எதிர்பார்க்குது. பிறகு பணத்தைத் திருடிட்டு அந்தப் பொண்ணு கார் ஓட்டிட்டுப் போகும்போது அதே இசை திரும்ப வரும். உங்களுக்குப் பழகின பதற்றம், இப்ப அவளோடதா மாறிடுது.

படம் ஆரம்பிச்ச பிறகு யாரையும் தியேட்டருக்குள்ள விடக்கூடாதுன்னு அப்போ ஹிட்ச்காக் கறாரா இருந்தார். கதையில் இருக்கும் ஒரு திருப்பம்தான் அதுக்கு முக்கியக் காரணம். ஆனா அதனால டைட்டிலையும் முழுசா பார்த்தாங்கல்ல!

இன்னொண்ணு. பதற்றமா இருக்கிறவங்க திடீர்ச் சத்தத்துக்கு வழக்கத்தைவிட அதிகமா துள்ளுவாங்க. ஆய்வுகள்ல பல தடவை பார்த்த விஷயம் இது. ஆக, டைட்டிலைத் தள்ளிவிட்டுட்டு "படம் அவ்வளவா பயமில்லையே"ன்னு ரிவ்யூ எழுதாதீங்க.

குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) இன்னும் நுட்பம். அழகான ஏரி, மலை, நல்ல வெளிச்சம். ஒரு சின்ன மஞ்சள் கார் மலைப்பாதையில் போகுது, மேலே இருந்து கேமரா அதைத் தொடருது. அவ்வளவுதான். யார் பார்க்கிறாங்க மேலேருந்து? படம் சொல்லாது. பின்னணியில் செத்தவங்களுக்காகப் பாடும் பழைய லத்தீன் தேவாலய மெட்டு, சிந்தசைசரில், வெண்டி கார்லோஸ், ரேச்சல் எல்கைண்ட் கைவண்ணம். அந்த மெட்டைக் கேள்விப்படாதவருக்கும் வயிறு பிசையும். பேர்கள் கீழேயிருந்து மேலே ஓடும், வழக்கமா படம் முடிஞ்ச பிறகு ஓடுற மாதிரி. ஆரம்பத்துலயே முடிஞ்சு போச்சுன்னு சொல்ற மாதிரி எனக்குத் தோணும்.

'செவன்' (1995) டைட்டில் பலருக்கும் பிடிக்கும். கைல் கூப்பர் செய்தது. கொலைகாரனின் கைகள் மட்டும், விரல்நுனித் தோலை பிளேடால் சீவுறது, கீறி எழுதின எழுத்துகள். அருமைதான். ஆனா அதைப் பார்த்துட்டு, எழுத்து நடுங்கினாலே பயம் வந்துடும்னு நினைச்சு எத்தனை படம் எடுத்துட்டாங்க!

சரி, இதையெல்லாம் ஏன் எழுதறேன்? "காரணமே இல்லாம படபடன்னு வருது டாக்டர்"னு வர்றவங்க நிறைய பேர். இசிஜி, தைராய்டு, ரத்த அளவு எல்லாம் சரியா இருக்கும். கூட வந்தவர் உடனே, "நான்தான் சொன்னேனே, ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமை"ன்னு சிரிப்பார். அவர்கிட்ட நான் கேட்க நினைக்கிறது இதுதான்: மஞ்சள் கார் போறதைப் பார்த்து உங்களுக்கு உள்ளங்கை வேர்த்துச்சே, அது பிரமையா? அது நிஜமான வேர்வை. திரையில் பயப்பட ஒண்ணுமே இல்லாதப்பவும் உங்க உடம்புக்கு அது வந்தது. இவங்களுக்கு அது பஸ்ஸில், சமையலறையில், ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. உங்களுக்கு ரிமோட் இருக்கு, இவங்க கையில் அது இல்லை. இதுக்கு சிகிச்சை இருக்கு, நல்லாவே வேலை செய்யும். கேலி பண்ணாம கூட்டிட்டு வாங்க.

இந்த வார இறுதியில் 'ஷைனிங்' போடுறவங்க, முதல் மூணு நிமிஷம் மணிக்கட்டில் ரெண்டு விரல் வச்சுப் பாருங்க. எண்ணிக்கை எவ்வளவு ஏறுச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க. ஏற்கெனவே பேனிக் அட்டாக் வர்றவங்க இந்தப் பரிசோதனையில் கலந்துக்க வேண்டாம். பிடிக்கலைன்னா பாதியில் நிறுத்திடுங்க. லைட்டை அணைச்சுட்டுத்தான் பார்க்கணும்னு சட்டமும் இல்லை.